குடியிருப்போர் மேலாண்மை நிறுவனம் (இங்கிலாந்து)

குடியிருப்போர் மேலாண்மை நிறுவனம் என்பது, ஒரு தனியார் குடியிருப்பில் வீடு வைத்திருப்பவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து, அக்குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிப்பதற்காக நடத்தும் நிறுவனம் ஆகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இது பரவலாக உள்ளது. உட்சாலைகள், புல்வெளிகள், தெருவிளக்குகள், மழைநீர் வடிகால்கள், அடுக்குமாடிக் கட்டடமாயின் கூரை, மாடிப்படி, மின்தூக்கி ஆகியவை இதன் பொறுப்பில் இருக்கும். இவற்றை உள்ளாட்சி மன்றம் ஏற்றுக்கொள்ளாத இடங்களில், யாராவது ஒருவர் செலவு செய்து காப்பாற்றியே ஆக வேண்டும். அந்த 'யாராவது ஒருவர்' வேலையைச் செய்யவே இந்நிறுவனம் அமைக்கப்படுகிறது.

சாதாரண நிறுவனத்தில் முதலாளி ஒருவர், வாடிக்கையாளர் வேறொருவர். இங்கே நிறுவனத்தின் உரிமையாளர், அதற்குப் பணம் கட்டுபவர், அதன் சேவையைப் பெறுபவர், அதன்மீது குறை சொல்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே. இந்த அமைப்பின் பலமும் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

நிறுவனம் ஏன் தேவைப்படுகிறது

பக்கத்து வீட்டாரெல்லாம் கூடிப் பேசி, 'ஆளுக்கு இவ்வளவு' என்று பணம் போட்டுச் சாலையைச் செப்பனிட முடியாதா என்ற கேள்வி எழலாம். இன்றுள்ளவர்கள் ஒப்புக்கொண்டால் முடியும். வீடு கைமாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதலில் வாங்கியவர் கொடுத்த வாக்கு, அவரிடமிருந்து வாங்கியவரைக் கட்டுப்படுத்துமா?

ஆங்கிலச் சட்டம் இதற்கு இரண்டு விதமாக விடை சொல்கிறது. லண்டனின் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை 1808இல் டல்க் என்பவர் விற்றபோது, அதில் கட்டடம் எழுப்பாமல் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார். பல கை மாறிப் பின்னர் அதை வாங்கிய மாக்சே, அந்த நிபந்தனையை அறிந்திருந்தும் அங்கே கட்ட முனைந்தார். 1848இல் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. 'இதைச் செய்யாதே' என்ற நிபந்தனை, நிலத்தோடு சேர்ந்து அடுத்தவருக்கும் செல்லும் என்பது இவ்வழக்கால் நிலைபெற்றது.

ஆனால் 'இதைச் செய், இதற்குப் பணம் கொடு' என்ற நிபந்தனை அவ்வாறு செல்லாது. 1885இல் ஓல்டாம் நகராட்சி தொடர்பான ஆஸ்டர்பெரி வழக்கில், ஒரு சாலையைப் பழுதுபார்க்கும் உறுதிமொழி அச்சாலையைப் பின்னர் பெற்றவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1994இல், ரோன் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில் பிரபுக்கள் அவையும் இதே விதியை உறுதி செய்தது. அங்கே ஒரு வீட்டின் கூரை பக்கத்துச் சிறுவீட்டின் மேலும் கவிந்திருந்தது. கூரையைப் பழுதின்றி வைத்திருப்பதாக முதல் உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தும், கூரை ஒழுகியபோது பின்னர் வந்த உரிமையாளரை அந்த வாக்கு கட்டுப்படுத்தவில்லை.

இந்த விதிக்குச் சிறு விலக்கும் உண்டு. லிவர்பூலிலுள்ள கிரெசிங்டன் பார்க் குடியிருப்பின் மனைகள் 1851 முதல் விற்கப்பட்டன. அங்குள்ள சாலைகள், வடிகால்கள், ஆற்றோர நடைபாதை, தடுப்புச்சுவர் ஆகியவற்றின் செலவில் பங்கு தர வேண்டும் என்பது பத்திர நிபந்தனை. 1957இல் தீர்ப்பான ஹால்சல் எதிர் பிரிசெல் வழக்கில், நிபந்தனை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், சாலையையும் வடிகாலையும் பயன்படுத்த விரும்புகிறவர் அதற்குரிய செலவையும் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

ஆயினும் இந்த விலக்கை மட்டும் நம்பி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை நடத்த முடியாது. ஆகவே வழக்கறிஞர்கள் வேறு வழியைக் கண்டனர். வீட்டைக் காலவரம்பற்ற முழு உரிமையாக, அதாவது ஃப்ரீஹோல்டாக விற்காமல், 99, 125 அல்லது 999 ஆண்டுகளுக்கு நீண்டகாலக் குத்தகையாக, அதாவது லீஸ்ஹோல்டாக விற்பதே அந்த வழி. குத்தகையில் எழுதப்படும் 'பணம் கொடு' என்ற நிபந்தனை, குத்தகையைப் பின்னர் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகையாகவே விற்கப்படுவதற்கு இதுவே முக்கியமான சட்டக் காரணம். நம் ஊர் வாசகருக்குக் குத்தகை என்றதும் வயலோ கடையோ நினைவுக்கு வரலாம். இங்கு பேசப்படுவது விலை கொடுத்து வாங்கி, அடமானக் கடன் பெற்று, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் வீடு.

இனி, அந்தக் கட்டணத்தை வசூலித்துச் செலவிடுபவர் யார் என்பதே கேள்வி. நில உரிமையாளரான வெளியாள் ஒருவராக இருக்கலாம். குடியிருப்போரின் சொந்த நிறுவனமாகவும் இருக்கலாம்.

ஸ்பேன் குடியிருப்புகள்

குடியிருப்போரின் சொந்த நிறுவனம் என்ற முறையைப் பரவலாக அறியச் செய்தவற்றுள், ஸ்பேன் என்ற கட்டுமான நிறுவனத்தின் குடியிருப்புகள் குறிப்பிடத்தக்கவை. கட்டடக் கலைஞர் எரிக் லயன்ஸ் (1912–1980), ஜெஃப்ரி டவுன்சென்ட், லெஸ்லி பில்ஸ்பி ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். தென்மேற்கு லண்டனில் ஹாம் பகுதியிலுள்ள பார்க்லீஸ் 1950களின் நடுவில் கட்டப்பட்டது. தென்கிழக்கு லண்டனின் பிளாக்ஹீத் பகுதியில் இவர்களுடைய குடியிருப்புகள் பல உள்ளன.

இவற்றில் வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. கட்டடங்களைச் சுற்றிப் பொதுப் புல்வெளியும் மரங்களும் தொடர்ச்சியாக விரிந்திருக்கும். பார்ப்பதற்கு இது கட்டடக் கலைஞரின் கைவண்ணமாகத் தோன்றும். உண்மையில் அதன் பாதிப் பெருமை பத்திரத்தையே சேரும். வேலியில்லாத புல்வெளியை யாராவது வெட்ட வேண்டும். தன் வீட்டுக் கதவுக்கு மனம்போன வண்ணம் அடிப்பவரையும், சன்னலை மாற்றுபவரையும் யாராவது தடுக்க வேண்டும். வீடு வாங்குபவர் குடியிருப்போர் அமைப்பில் உறுப்பினராகி, கட்டணமும் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தப் பசுமை சில ஆண்டுகளில் துண்டுதுண்டாகியிருக்கும்.

கென்ட் மாவட்டத்தில் 1967 முதல் எழுந்த நியூ ஆஷ் கிரீன் என்ற புதிய ஊரில் இம்முறை ஓர் ஊர் அளவுக்கு விரிவாக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றுப்புறத்துக்கும் ஒரு குடியிருப்போர் சங்கம், அவற்றுக்கு மேலாக முழு ஊருக்கும் ஒரு கிராமச் சங்கம் என இரண்டு அடுக்குகளாக நிர்வாகம் அமைந்தது. லண்டன் பெருநகர மன்றம் அங்கே வீடுகள் வாங்கும் திட்டத்தைக் கைவிட்டதால் 1969இல் ஸ்பேன் விலகியது. போவிஸ் நிறுவனம் மீதியைக் கட்டியது. கட்டியவர் பாதியில் போய்விட்டாலும் கிராமச் சங்கம் தொடர்ந்து இயங்கி வருகிறது.

மூன்று அமைப்புகள்

'குடியிருப்போர் நிறுவனம்' என்ற ஒரே பெயரின்கீழ் வெவ்வேறான ஏற்பாடுகள் வழங்குகின்றன. வீடு வாங்குவோர் பலரும் குழம்புவது இங்கேதான்.

சில இடங்களில் நிலத்தின் முழு உரிமையே நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அப்போது குடியிருப்போர் தம் நிறுவனத்திடமிருந்தே குத்தகை பெற்றவர்கள் ஆகிறார்கள். வேறு சில இடங்களில் முழு உரிமை வெளியாளிடம் இருக்க, குத்தகைப் பத்திரம் நில உரிமையாளர், வீடு வாங்குபவர், மேலாண்மை நிறுவனம் ஆகிய மூவருக்கும் இடையே எழுதப்படும். இதில் நிறுவனத்துக்கு நிலம் சொந்தமில்லை. பராமரிக்கும் கடமையும் கட்டணம் வசூலிக்கும் உரிமையும் மட்டுமே உண்டு.

மூன்றாவது, 2002ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 'மேலாண்மை உரிமை'. வெளியாளின் நிர்வாகத்தில் நிறைவில்லாத குத்தகைதாரர்கள் ஒரு நிறுவனம் அமைத்து நிர்வாகத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டடத்திலுள்ள வீடுகளில் குறைந்தது பாதி எண்ணிக்கையினர் அந்நிறுவனத்தில் சேர வேண்டும். நில உரிமையாளர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவருக்கு விலையும் தர வேண்டியதில்லை. கட்டடத்தில் கடை, அலுவலகம் போன்ற குடியிருப்பல்லாத பகுதி 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றிருந்த வரம்பு, 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டு 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

கட்டுநரிடமிருந்து கைமாறுதல்

புதிய குடியிருப்பு ஒன்றில் நிறுவனத்தைத் தொடங்குபவர் கட்டுநரே. தொடக்கத்தில் இயக்குநர்களும் அவருடைய ஆட்களாகவே இருப்பர். வீடுகள் விற்க விற்க, வாங்குபவர்கள் உறுப்பினர்களாகச் சேர்வர். கடைசி வீடு விற்றபின் நிர்வாகம் குடியிருப்போரிடம் ஒப்படைக்கப்படும் என்பது பொதுவான ஏற்பாடு.

பெரும்பாலும் இது உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக இருக்கும். இதில் பங்குகள் இல்லை. நிறுவனம் கலைக்கப்பட நேர்ந்தால் ஒவ்வோர் உறுப்பினரும் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை பெரும்பாலும் 1 பவுண்டு மட்டுமே. சில நிறுவனங்களில் வீட்டுக்கு ஒரு பங்கு என்ற முறையும் உண்டு. வீடு விற்கும்போது உறுப்பினர் தகுதியும் புதியவருக்கு மாற வேண்டும். இதை உறுதிப்படுத்த, நிலப் பதிவேட்டில் ஒரு தடைக்குறிப்பு இடப்படுவது உண்டு. நிலுவையெல்லாம் தீர்ந்தது, புதியவர் நிபந்தனைகளை ஏற்றார் என்று நிறுவனம் சான்று தந்தால்தான் பதிவு நடக்கும்.

ஒப்படைப்பின்போது சரிபார்க்க வேண்டியவை பல: சாலைகள் உரிய தரத்தில் போடப்பட்டனவா, மழைநீர்க் குட்டை செயல்படுகிறதா, பொது நிலத்தின் உரிமை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டதா, கட்டுநர் காலத்தில் நெடுங்கால ஒப்பந்தம் ஏதும் போடப்பட்டிருக்கிறதா. இவற்றைக் கேட்காமல் கையெழுத்திடும் முதல் இயக்குநர் குழு, கட்டுநர் விட்டுச்சென்ற குறைகளையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது.

இயக்குநர்கள்

இயக்குநர்களை உறுப்பினர்கள் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கின்றனர். பெரும்பாலும் ஊதியம் கிடையாது. மாலையில் வேலை முடிந்து வந்து, ஒருவர் வீட்டு முன்னறையில் கூடிக் கூரை ஒழுகலையும் குப்பைத் தொட்டியையும் பற்றிப் பேசுபவர்கள் இவர்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்களுக்கும் பெரிய வணிக நிறுவன இயக்குநருக்கும் வேறுபாடில்லை. 2006ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கூறும் கடமைகள் அனைத்தும் பொருந்தும்: தம் அதிகார வரம்புக்குள் நடத்தல், சுயமாகச் சிந்தித்து முடிவெடுத்தல், உரிய கவனம் காட்டுதல், சொந்த நலனும் நிறுவன நலனும் மோதும் நிலையைத் தவிர்த்தல். தம்பியின் நிறுவனத்துக்கு வண்ணம் பூசும் வேலையைக் கொடுக்க விரும்பும் இயக்குநர், அந்த உறவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் கருவிகள் உண்டு. வாக்குரிமையில் 5 விழுக்காடு உள்ளவர்கள் கேட்டால் இயக்குநர்கள் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையால் ஓர் இயக்குநரை நீக்கலாம். நிறுவனத்தின் விதிகளை மாற்ற 75 விழுக்காடு வாக்கு தேவை. இருபது வீடுகள் உள்ள குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டாலே கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை.

அன்றாட வேலைகளுக்கு நிறுவனம் பெரும்பாலும் ஒரு மேலாண்மை முகவரை அமர்த்தும். கட்டணச் சீட்டு அனுப்புதல், ஒப்பந்தக்காரரை அழைத்தல், காப்பீடு எடுத்தல் ஆகியவை முகவரின் வேலை. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைப் பலிகொண்ட கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்துக்குப் பின் இந்த வேறுபாடு கூர்மையானது. அதன் தொடர்ச்சியாக வந்த 2022ஆம் ஆண்டு கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி, குறைந்தது 18 மீட்டர் உயரமோ 7 தளங்களோ கொண்ட குடியிருப்புக் கட்டடத்தில், பொதுப் பகுதிகளைப் பழுதுபார்க்கும் கடமையுள்ள குடியிருப்போர் நிறுவனமே 'பொறுப்புடையவர்' ஆகலாம். தீ பரவுதல், கட்டமைப்புச் சிதைவு ஆகிய ஆபத்துகளை மதிப்பிட்டுக் கட்டுப்படுத்துவது அதன் சட்டக் கடமை. தவறினால் தண்டனைக்கும் இடமுண்டு. ஊதியமில்லாத இயக்குநர் பதவிக்கு ஆள் கிடைப்பது அரிதாகி வருவதில் வியப்பில்லை.

கணக்கு

இந்நிறுவனத்துக்கென்று தனி வருமானம் இல்லை. இலாபமும் இல்லை. ஆண்டுச் செலவை முன்கூட்டி மதிப்பிட்டு, பத்திரத்தில் குறித்த விகிதப்படி பங்கிட்டு வசூலிப்பதே அதன் வழி.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். குத்தகை முறையிலுள்ள 48 வீடுகள் கொண்ட குடியிருப்பு. எல்லோருக்கும் சம பங்கு. புல்வெளி, மரப் பராமரிப்புக்கு 9,600 பவுண்டு, விளக்குகளுக்கு 2,400, காப்பீட்டுக்கு 3,600, முகவருக்கு 7,200, கணக்காளருக்கு 1,200, சேமநிதிக்கு 9,600. மொத்தம் 33,600 பவுண்டு. வீட்டுக்கு 700 பவுண்டு.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'சேமநிதி எதற்கு, அதை நீக்கினால் வீட்டுக்கு 200 பவுண்டு குறையுமே' என்கிறார். கைதட்டல் கிடைக்கிறது. கட்டணம் 500 ஆகிறது. பத்தாண்டுகள் கழித்து உட்சாலை பெயர்ந்துவிடுகிறது. புதிதாகப் போட 96,000 பவுண்டு ஆகும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஒழுங்காகச் சேமித்திருந்தால் அதே 96,000 கையில் இருந்திருக்கும். இப்போது வீட்டுக்கு 2,000 பவுண்டு ஒரே தவணையில் கேட்க வேண்டும். இடையில் வீட்டை விற்றுப் போனவர்கள் பத்தாண்டுகள் அச்சாலையைத் தேய்த்துவிட்டுப் பணம் தராமல் தப்பினர். சென்ற மாதம் குடிவந்தவர் முழுத் தொகையையும் சுமக்கிறார். சேமநிதி என்பது, சாலையைத் தேய்த்தவர்களிடமிருந்தே அதன் செலவைப் பெறும் வழி.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, ஒரு வேலைக்காக எந்தக் குத்தகைதாரரிடமாவது 250 பவுண்டுக்கு மேல் கேட்க வேண்டியிருந்தால், முன்னதாக அனைவரையும் எழுத்து மூலம் கலந்தாலோசிக்க வேண்டும். வேலையின் தேவையைத் தெரிவித்து 30 நாள், விலைப்புள்ளிகளைக் காட்டி 30 நாள் கருத்துக்கு அவகாசம் தர வேண்டும். இதைச் செய்யாவிட்டால், தீர்ப்பாயம் விலக்களித்தாலொழிய, வீட்டுக்கு 250 பவுண்டு மட்டுமே வசூலிக்க முடியும். மேலே கண்ட குடியிருப்பில் அது 12,000 பவுண்டு. மீதி 84,000 பவுண்டுக்கு நிறுவனம் எங்கே போகும்? பணக்கார நில உரிமையாளரைக் கட்டுப்படுத்த எழுந்த விதி, கையில் காசில்லாத குடியிருப்போர் நிறுவனத்துக்கும் அதே கடுமையுடன் பொருந்துகிறது.

ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில், ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் பெற வேண்டியிருந்தாலும் இந்தக் கலந்தாய்வு தேவை. செலவு ஏற்பட்டு 18 மாதங்களுக்குள் கட்டணம் கேட்க வேண்டும், அல்லது அச்செலவைப் பற்றி எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். தவறினால் அத்தொகை போனதுதான். கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. இல்லை எனக் கருதுபவர், இங்கிலாந்தில் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவை அணுகலாம். வசூலித்த பணம் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர்களுக்கான நம்பிக்கைப் பணமாக வைக்கப்பட வேண்டும். எனவே நிறுவனம் கடனில் மூழ்கினாலும் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது.

கட்டாதவர்

48 வீடுகளில் 6 வீடுகள் கட்டணம் செலுத்தாவிட்டால் 4,200 பவுண்டு குறையும். வெளியாளான நில உரிமையாளர் தம் கைப்பணத்தைக் கொண்டு சமாளிப்பார். குடியிருப்போர் நிறுவனத்துக்குக் கைப்பணம் இல்லாததால், விளக்குக் கட்டணமோ காப்பீடோ நின்றுபோகும். அல்லது ஒழுங்காகக் கட்டும் 42 பேர் தலையில் விழும்.

நிறுவனம் வழக்குத் தொடரலாம். குத்தகையைப் பறிக்கும் அதிகாரம்கூடப் பத்திரத்தில் இருக்கலாம். மூவர் பத்திரத்தில் அந்த அதிகாரம் பெரும்பாலும் நில உரிமையாளரிடமே இருக்கும். நிலுவை 350 பவுண்டைத் தாண்டாமலும் மூன்றாண்டுகளுக்கு மேல் நீடிக்காமலும் இருந்தால் பறிப்பு நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. வழக்குச் செலவைக் கட்டணத்தில் சேர்த்து வசூலிக்கப் பத்திரம் இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இடம் கொடுக்காவிட்டால், வென்ற வழக்கே நிறுவனத்தை நொடிக்கச் செய்துவிடக்கூடும்.

சட்டத்தைவிடக் கடினமானது வேறொன்று. நோட்டீசு அனுப்பும் இயக்குநரும் அதைப் பெறுபவரும் காலையில் ஒரே படிக்கட்டில் சந்திக்கிறார்கள். இதனாலேயே சில குடியிருப்புகள் வசூலை முழுவதுமாக முகவரிடம் விட்டுவிடுகின்றன. அது கோழைத்தனமாகத் தோன்றினாலும் நல்ல ஏற்பாடே.

எல்லைகள்

மேலாண்மை உரிமை, ஒரு கட்டடத்துக்கு உரியதா, முழுக் குடியிருப்புக்கும் உரியதா என்ற கேள்வி நீண்டகாலம் தெளிவின்றி இருந்தது. கிழக்கு லண்டனின் வர்ஜீனியா கீ குடியிருப்பிலுள்ள கட்டடங்களில் செட்லர்ஸ் கோர்ட் ஒன்று. அதன் குத்தகைதாரர்கள் மேலாண்மை உரிமை நிறுவனம் அமைத்தனர். தம் கட்டடம் மட்டுமின்றி, பிற கட்டடங்களோடு பொதுவாகப் பயன்படுத்தும் சாலை, தோட்டம் ஆகியவற்றின் நிர்வாகமும் தமக்கு வந்ததா என்பதே வழக்கு. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை அந்தக் கட்டடத்துக்கும் அதற்கே உரிய பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தும், பொதுப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பல கட்டடங்கள் ஒரே தோட்டத்தைப் பகிரும் இடத்தில், ஒரு கட்டடத்தார் மட்டும் அதைக் கைப்பற்றினால் மற்றவர்கள் தாம் தேர்ந்தெடுக்காத ஒருவரின் நிர்வாகத்தில் சிக்குவர் என்பதை எண்ணினால் தீர்ப்பின் நியாயம் விளங்கும். அதேவேளை, குடியிருப்பு முழுவதையும் தம் கைக்குக் கொண்டுவர விரும்புவோருக்கு இச்சட்டம் உதவாது என்பதும் தெளிவாயிற்று.

முழு உரிமையாக விற்கப்படும் தனிவீட்டுக் குடியிருப்புகளின் நிலை வேறு. புதிய குடியிருப்புகளின் சாலைகளையும் திறந்தவெளிகளையும் உள்ளாட்சி மன்றங்கள் ஏற்காமல் விடுவது பெருகியுள்ளது. 2021–22இல் பதினொரு பெரிய கட்டுநர்கள் விற்ற புதிய வீடுகளில் 80 விழுக்காடு குடியிருப்புக் கட்டணத்துக்கு உட்பட்டவை என்றும், அக்கட்டணம் சராசரியாக 350 பவுண்டு என்றும் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் தெரிவித்தது. வீடு முழுக்கச் சொந்தம். வெளியே உள்ள புல்வெளிக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தொடரும். நிர்வகிப்பது குடியிருப்போரின் நிறுவனமாக இருந்தால் அவர்கள் முகவரை மாற்றலாம், செலவைக் குறைக்கலாம். பொது நிலத்தைக் கட்டுநர் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தால், கட்டுபவர்களுக்கு வாக்கே இல்லை.

முழு உரிமை வீடுகளில் கட்டணத்தை நிலத்தோடு பிணைக்க, 1977ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் 'குடியிருப்பு நிலவரி' என்ற கருவி பயன்படுத்தப்படுகிறது. 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவு இதற்கு அளிக்கும் வலிமை அச்சமூட்டுவது. பத்திரம் அதை விலக்காவிட்டால், தொகை 40 நாள் நிலுவையில் இருந்தாலே வீட்டைக் கைப்பற்றவோ அதன்மீது குத்தகை ஏற்படுத்தவோ முடியும். இத்தகைய வீடுகளுக்குக் கடன் தர வங்கிகள் தயங்குவதும், பத்திரத்தில் அப்பிரிவை விலக்கும் வாசகம் கேட்பதும் இதனால்தான். குத்தகைதாரர்களுக்கு உள்ளதைப் போலக் கட்டணத்தின் நியாயத்தைத் தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கும் உரிமையை முழு உரிமை வீட்டாருக்கும் வழங்க 2024ஆம் ஆண்டு லீஸ்ஹோல்டு, ஃப்ரீஹோல்டு சீர்திருத்தச் சட்டம் வகை செய்துள்ளது. அச்சட்டத்தின் பிரிவுகள் தனி ஆணைகள் மூலம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன.

பதிவேட்டிலிருந்து நீக்கம்

இந்நிறுவனங்களுக்கு நேரும் பெரிய ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. தனியார் நிறுவனம் நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் கணக்கைப் பதிவகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் இயக்குநர், உறுப்பினர் விவரங்களை உறுதிசெய்யும் அறிக்கையும் தர வேண்டும். கணக்குத் தாமதமானால் அபராதம் 150 பவுண்டில் தொடங்கி, ஆறு மாதங்களைத் தாண்டினால் 1,500 பவுண்டு வரை செல்லும்.

கணக்கு எழுதிவந்த ஒருவர் வீடு மாறிப் போகிறார் அல்லது காலமாகிறார். பதிவகம் அனுப்பும் கடிதங்கள் அவருடைய பழைய முகவரிக்குச் செல்கின்றன. பதில் இல்லாததால் நிறுவனம் செயல்படவில்லை என்று கருதிப் பதிவகம் அதன் பெயரை நீக்குகிறது. அந்த நொடியில் நிறுவனம் இல்லாமல் போகிறது. அதற்குச் சொந்தமான நிலம், உரிமையாளரற்ற சொத்தாக அரசுக்குச் சென்றுவிடும். குடியிருப்போர் வழக்கம்போல் அதே சாலையில் நடந்துகொண்டிருப்பார்கள். யாராவது வீட்டை விற்கப் போகும்போதுதான், நிறுவனத்தின் சான்று கேட்டு வாங்குபவரின் வழக்கறிஞர் கடிதம் எழுத, கையெழுத்திட ஆளில்லை என்பது தெரியவரும்.

நீக்கப்பட்ட நிறுவனத்தை நீதிமன்றம் வழியாக மீட்கலாம். பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மீட்கப்பட்டால் நீக்கமே நடக்காதது போலக் கருதப்படும். அதற்கு ஆகும் செலவு, ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்ய ஆகும் செலவைப்போலப் பல மடங்கு.

காமன்ஹோல்டு

நீண்டகாலக் குத்தகை என்ற சுற்றுவழியே வேண்டாம் என்று கருதி, 2002ஆம் ஆண்டுச் சட்டம் 'காமன்ஹோல்டு' என்ற புதிய உடைமை முறையையும் உருவாக்கியது. இதில் ஒவ்வொருவரும் தம் வீட்டைக் காலவரம்பின்றி முழு உரிமையாகப் பெறுவர். பொதுப் பகுதிகள் காமன்ஹோல்டு சங்கத்துக்குச் சொந்தம். அச்சங்கமும் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமே. வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே அதில் உறுப்பினர்கள். வீடு கைமாறினாலும் கட்டணக் கடமை புதியவரைத் தொடரும்படி சட்டமே வகை செய்துள்ளதால், இங்கே குத்தகை தேவையில்லை.

2004 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இம்முறையில் இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் குறைவான குடியிருப்புகளே அமைந்தன. நிலவாடகை வருமானத்தை விட்டுக்கொடுக்கக் கட்டுநர்களுக்கு ஊக்கம் இல்லை. பழக்கமில்லாத முறைக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. 2022 ஜூன் முதல் புதிய நீண்டகாலக் குத்தகைகளில் நிலவாடகை பெரும்பாலும் தடை செய்யப்பட்டதால் முதல் காரணம் வலுவிழந்தது. புதிய அடுக்குமாடி வீடுகளுக்குக் காமன்ஹோல்டையே இயல்பான முறையாக்கும் திட்டத்தை அரசு 2025 மார்ச்சில் வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது.